இருநூற்றுப் பதின்மூன்றாம் பெயர்

கைறுன்னிஸாவுக்குக் கோபம் வந்தால் தேங்காய் துருவுவாள். அந்த வியாழக்கிழமை பின்னேரம் மூன்று தேங்காயைத் துருவி முடித்துவிட்டு நான்காவதை உடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சாப்பிட இருந்ததோ மூன்றே பேர்.

சம்பந்தி அன்ஸார் எழுந்து போய் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். மனைவி மபாஸாவோடும் மகனோடும் வந்தவர் தேநீரைக்கூடத் தொடவில்லை. அவர் உக்குவளையில் மிளகு வியாபாரம் செய்கிறவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், ஊரில் யார் வீட்டுப் பிணக்கென்றாலும் கூப்பிடாமலே போய் நடுவில் உட்காருகிறவர். அவருடைய மகன் அன்ஸாபுக்கும் கைறுன்னிஸாவின் ஒரே மகள் றுஸ்னாவுக்கும் மோதிரம் போட்டாயிற்று, நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று. இன்னும் ஐந்தே கிழமை. அழைப்பிதழ் அச்சகத்தில் இருந்தது.

"காக்கா," என்று அண்ணன் முறை சொல்லித்தான் அவர் அப்துல் ஸமதிடம் பேச்சை ஆரம்பித்தார். "கேள்விப்பட்டது மெய்யா? அந்தத் தலைவெட்டிப் பங்களாவப் பத்திப் பொஸ்தகம் எழுதுறீங்களாமே?"

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் வழியில், மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே உயர்ந்த ஜன்னல்களோடு நிற்கிற ஒரு பழைய கட்டடத்துக்குத் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் அது. உள்ளே இருப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரர் சங்கம். கூட்டம் நடக்கும்போது ஒருவர் உருவிய வாளோடு கதவுக்கு வெளியே காவல் நிற்பார். அந்த வாளைப் பார்த்த கொழுந்து பறிக்கிற சனங்கள், உள்ளே போனவர்களின் தலை என்ன ஆகுமென்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

"எழுதுறேன் தான். நூத்தி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதில்லியா," என்றார் ஸமத்.

"அப்ப ரெண்டு விசயம். அந்தப் பொஸ்தகம் அச்சுக்குப் போகக் கூடாது. ரெண்டாவது, நாளைக்கில்ல, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட நீங்க பள்ளி முத்தத்துல நிண்டு, 'எனக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்ல'ண்டு நாலு பேர் கேக்கச் செல்லணும். இல்லாட்டி இந்தக் கல்யாணம் நடக்காது. எனக்கும் ஊர்ல ஒரு முகம் ஈக்கி."

ஸமத் கோபப்படவில்லை. கதவைக் காட்டவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை பதில் செல்றேன்," என்றார். கைறுன்னிஸாவைத் துருவலைக்கு முன்னால் உட்கார வைத்தது அந்தப் பதில்தான்.

கணவன் அந்தச் சங்கத்தில் இருப்பது அவளுக்கு முப்பத்துமூன்று வருடமாகத் தெரியும். சேர்ந்த மறுநாளே அவர் சொல்லிவிட்டார். அவள் ஒரு மௌலவியிடம் போய்க் கேட்டாள். தவிர்ந்துகொள்வது நல்லது என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். ஸமத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மாதமும் தன் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சண்டை ஒரு வருடம் ஓடியது. பிறகும் அது முற்றாக ஆறிவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் அது அவளுடைய சண்டை. அதில் கை வைக்க உக்குவளையிலிருந்து ஒருவர் வந்து உட்காருவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த பக்கவாதத்துக்குப் பிறகு ஸமதின் வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அதனால் அவர் சொல்லச் சொல்லப் புத்தகத்தை எழுதியவள் கைறுன்னிஸாதான். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கை. முத்துமுத்தாக, சீஆர் கொப்பி என்கிற தடித்த நோட்டு நிறைய எழுதியிருந்தாள். ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள். போகப்போக அவளுக்கே சுவாரசியம் தட்டியது. குதிரையில் வந்த தோட்டத்துத் துரைமார் காட்டு வழியில் திரும்பிப் போக வெளிச்சம் வேண்டுமென்று பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமைகளில் கூடியது, குதிரை போய்க் கார் வந்த பிறகும் நிலாவை விடாதது, முதலில் விண்ணப்பித்த மாத்தளைக்காரர்கள் மூன்று பேரைக் கதவோடு திருப்பி அனுப்பியது, எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. திருப்பி அனுப்பிய இடத்தை எழுதும்போது, "இவங்களுக்கு என்னத்துக்கு நீங்க சரித்திரம் எழுதுறீங்க?" என்று பேனாவை மேசையில் போட்டாள். "அதையும் எழுதத்தானே எழுதுறேன்," என்றார் ஸமத்.

அவளுக்குப் பிடித்தது ஜாதிக்காய்க் கதை. புதிய ஆளைச் சேர்ப்பதா இல்லையா என்று சங்கத்தில் வாக்கெடுப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு உருண்டையைக் கைக்குள் மறைத்து எடுத்துப் போய் ஒரு மரப்பெட்டியின் துவாரத்தில் போட வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். கறுப்பு ஒன்றே ஒன்று விழுந்தாலும் ஆள் வெளியே. சீமையிலிருந்து வந்த தந்த உருண்டைகளை ஒருநாள் குரங்குகள் ஜன்னல் வழியாக வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டன. மாத்தளையில் அதற்குப் பதிலுக்கு என்ன கிடைக்கும்? ஜாதிக்காய். வெள்ளைக்காகப் பாதிக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், கறுப்புக்காகப் பாதியைப் பழுப்பாக அப்படியே விட்டார்கள். இன்றுவரை அதுதான் நடைமுறை.

புத்தகத்துக்குப் படம் எடுப்பதற்காக அந்தப் பெட்டி இப்போது வீட்டுக்கே வந்திருந்தது. மூடி இல்லாத பெட்டி. இடது பக்கக் காலுக்கு அடியில் ஒரு பித்தளைக் குமிழ். அதை அமுக்கினால் பின்பக்கம் ஒரு இழுப்பறை வெளியே வரும். 'பெட்டியை அறியாதவர் மூடியைத் தேடுவார்' என்று ஸமத் சொல்ல, அவளே எழுதியிருந்தாள்.

கடைசியாக எழுதியது அங்கத்தவர் பட்டியல். அதில் ஒரு இடம் அவளை அப்போதே உறுத்தியது. "இருநூத்திப் பதிமூணு, பேர் எழுதாம விடு," என்றிருந்தார் ஸமத். ஏனென்று கேட்டதற்கு, "சில பேர் விரும்ப மாட்டாங்க," என்று எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போய்விட்டார்.

நான்காவது தேங்காயின் பாதியில் கைறுன்னிஸாவின் கை நின்றது.

பொஸ்தகம் அச்சுக்குப் போகக் கூடாது. ஏன்? சங்கத்தை விட்டால் போதாதா? மார்க்கத்துக்காக வந்த மனிதர் முதலில் சொல்ல வேண்டியது அதையல்லவா? புத்தகத்தை ஏன் முதலாவதாகச் சொன்னார்?

கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஸமத் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். மேசையில் பழைய கூட்டக் குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. பட்டியலில் பெயரில்லாத அந்த இலக்கத்துக்கு நேரே போட்டிருந்த ஆண்டு தொண்ணூற்று நான்கு. அந்த ஆண்டுக் குறிப்பேட்டை உருவி நின்றபடியே புரட்டினாள். இரண்டாம் மாதக் கூட்டத்தில் அது இருந்தது. விண்ணப்பதாரர்: அன்ஸார், வியாபாரி, உக்குவளை. முன்மொழிந்தவர்: அப்துல் ஸமத். வாக்கெடுப்பில் பழுப்புக் காய் ஒன்று. நிராகரிக்கப்பட்டார்.

அதற்குக் கீழே இன்னும் நான்கு வரிகள். சகோதரர் ஸமத் எழுந்து, அந்தக் காயின் காம்புப் பக்கத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருப்பதைக் காட்டினார். யாருடைய கை வியர்வையிலோ பூச்சு உரிந்துபோன வெள்ளைக் காய் அதுவென்று வாதாடினார். சபை ஏற்றுக்கொண்டது. மறுவாக்கெடுப்பில் எல்லாம் வெள்ளை. இலக்கம் இருநூற்றுப் பதின்மூன்று.

அவளுடைய காது இரண்டும் சூடேறின.

"எழும்புங்க," என்றாள். கண்ணைத் திறந்த ஸமதின் மடியில் குறிப்பேட்டை விரித்துப் போட்டாள். "இந்த மனுசனா உங்களப் பள்ளி முத்தத்துல நிக்கச் செல்றது?"

ஸமத் பார்த்தார். மெதுவாக மூடினார். "இத நீ பாத்திருக்கக் கூடாது கைறு."

"நான் பாத்தது பிழை. அவர் செஞ்சது சரி. அப்பிடித்தானே? நீங்க கையப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டிப் போன ஆளு! அவருக்காக ஒரு ஜாதிக்காயத் தூக்கிக் காட்டி நாக்கு வறள வாதாடி ஈக்கிறீங்க. இண்டைக்கு அவர் உங்க முகத்துல கரி பூச வாறாரு. நீங்க தேத்தண்ணி குடுத்து அனுப்புறீங்க!"

"அவன் வந்தது எட்டு வருஷந்தான். பள்ளி நிர்வாகத்துக்கு எடுத்த பொறகு வாறத விட்டுட்டான். அவனுக்குப் பயம், கைறு. பொஸ்தகத்துல பேர் வந்துடும்ண்டு பயம்."

"விட்டிருக்கீங்கதானே அந்தப் பேர? அத அவர்கிட்டச் செல்ல ஏலாதா?"

"மபாஸாவும் பொடியனும் பக்கத்துல உட்காந்திருக்க எப்பிடிச் செல்ற? என்னப் பத்தி நான் செல்லலாம். உசிரோட ஈக்கிற இன்னொருத்தன் பேர என் வாயால செல்லக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்குக் குடுத்தது உங்க வாய். என் வாய் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கல்ல."

"என் கையால எழுத ஏலாதுண்டு ஒன் கையால எழுதுறேன். ஒன் வாய் சொன்னா நான் சொன்னதுதான்." அவர் குறிப்பேட்டின் மேல் கையை வைத்தார். "விடு. வெள்ளிக்கிழமை நிண்டு செல்லிட்டுப் போறேன். ரெண்டு நிமிசம். புள்ளட வாழ்க்க."

அவருடைய நடுங்குகிற கை குறிப்பேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். பொய் சொல்கிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக, வாக்கைக் காப்பாற்றுகிறவன் முற்றத்தில் நிற்பதா?

"வெள்ளிக்கிழமை யாரு நிக்கிற?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. றுஸ்னா. பார்மசி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். குடை இன்னும் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நிபந்தனையை மட்டும் கைறுன்னிஸா சொன்னாள். பெயர் விவகாரத்தைச் சொல்லவில்லை.

றுஸ்னா குடையைச் சாத்தினாள். விரலிலிருந்து மோதிரத்தைத் திருகிக் கழற்றி உம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை குடுத்துடுங்க."

"மகள், அவசரப்படாத..."

"வாப்பா முத்தத்துல நிண்டு வாங்கித் தாற மாப்பிள்ள எனக்கு வேணாம். அன்ஸாப் அங்கதான் இருந்தாரா? இருந்துட்டுப் பேசாம ஈந்தாரா?"

இருந்தான். பேசாமல்தான் இருந்தான். யட்டவத்த கமநல நிலையத்தில் விவசாயிகளோடு மணிக்கணக்காகப் பேசுகிற பையன், தகப்பனுக்கு முன்னால் சேட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். றுஸ்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் அதை அவள் மூடவில்லை.

கைறுன்னிஸா மோதிரத்தை இறுக்கிப் பிடித்தாள். அலமாரிக்கு மேல் அந்தப் பெட்டி இருந்தது.

"சரி. அந்தப் பேர என் வாயால செல்ல மாட்டேன்," என்றாள் கணவனிடம். "சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸமதைப் பற்றி அன்ஸார் வீட்டிலிருந்து கிளம்பிய கதை ஊருக்குள் பரவியிருந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் வந்தார்கள். அன்ஸார் மின்விசிறிக்கு நேராகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மபாஸா முகத்தில் சங்கடம். அன்ஸாப் இரண்டு நாளாகத் தூங்காதவன் போலிருந்தான். றுஸ்னா எடுக்காத அழைப்புகள் அவனுடைய தொலைபேசியில் எத்தனை கிடந்தனவோ.

"என்ன காக்கா, முடிவெடுத்தீங்களா?"

ஸமத் வாயைத் திறக்குமுன் கைறுன்னிஸா முந்திக்கொண்டாள். "என் புருசன் முத்தத்துல நிக்க மாட்டாரு. பொஸ்தகமும் நிக்காது. உங்க மோதிரத்தத் திருப்பித் தாறோம்."

உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து நடு மேசையில் வைத்தாள். ஸமதின் முகம் வெளிறியது. "கைறு..." என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் அன்ஸாரின் மேல் இருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், உடனே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் ஈக்கி. எடுத்துக்கோங்க, மபாஸா."

மபாஸா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கிட்ட இழுத்தாள். மேலே தடவினாள். ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். "மூடி எங்கயன் மதினி?"

"தேடுங்க."

மபாஸா தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே மோதிரமும் இன்னும் ஏதோ ஒன்றும் கிலுகிலுத்தன. துவாரத்தில் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. "இந்தா மகன், நீ பாரு." அன்ஸாப் வாங்கினான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், பலகையைப் பலகையாக அமுக்கினான். பெட்டி அசையவில்லை.

"இது என்ன விளையாட்டு, மதினி?" அன்ஸாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "மனுசர அவமானப்படுத்தவா கூப்பிட்டீங்க?"

"அவமானத்த முதல்ல இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தது யாரு? உங்கட சாமான், எடுத்துக்கிட்டுப் போங்க. எடுக்கத் தெரியல்லண்டா நான் என்ன செய்ற?"

"இந்தப் பழைய பலகைக்கு இவ்வளவு பாடா? கொண்டா இங்க!" அன்ஸார் மகனின் கையிலிருந்து பெட்டியைப் பறித்தார். மடியில் வைத்தார். அவருடைய பெருவிரல், அவருடைய சம்மதத்தைக் கேட்காமலே, நேராக இடது பக்கக் காலுக்கு அடியில் போனது.

'டக்' என்றது. பின்பக்கத்து இழுப்பறை வெளியே வந்தது.

இழுப்பறைக்குள் மோதிரம் கிடந்தது. அதன் பக்கத்தில் கைறுன்னிஸா போட்டு வைத்த ஒரு ஜாதிக்காய், பழுப்பு நிறத்தில், காம்புப் பக்கம் மட்டும் துளி சுண்ணாம்போடு.

"மாமா," என்று அறை வாசலில் நின்ற றுஸ்னா கேட்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்ஸார் பெட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல், மடியில் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார்.

"எல்லாப் பெட்டியும் இப்பிடித்தானே..."

"எல்லாப் பெட்டிக்கும் மூடி ஈக்கும், வாப்பா," என்றான் அன்ஸாப்.

மபாஸாவுக்குத்தான் கணக்கு முதலில் பிடிபட்டது. கைக்குட்டையை மடித்து மடியில் வைத்தாள். "மாசா மாசம் சனிக்கிழம மிளகு லோட் ஏத்தித் தம்புள்ளைக்குப் போறேண்டு செல்வீங்களே. அன்ஸாப் கைக்கொழந்தையா இருக்கக்குள்ள. நான் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட. அப்ப வானத்துல பால் மாதிரி நிலா. நான் நெனச்சேன், பாவம் மனுசன், பாதையாவது வெளிச்சமா ஈக்கட்டும்ண்டு." அவள் குரல் ஏறியது. "தம்புள்ளையில நிலாவுலயா மிளகு விக்கிறாங்க?"

"மபாஸா, ஆக்கள் முன்னால..."

"ஆக்கள் முன்னால தானே காக்காவ நிக்கச் சொன்னீங்க!"

அன்ஸார் ஸமதைப் பார்த்தார். "செல்லிட்டீங்க. சத்தியத்த மீறிட்டீங்க, காக்கா."

"அவர் செல்லல்ல," கைறுன்னிஸா மேசையில் தட்டினாள். "முப்பது வருசமா செல்லல்ல. பொஸ்தகத்துலயும் உங்க பேர் இல்ல, எடம் மட்டும் வெறுமையா கெடக்குது. உங்களக் காப்பாத்தணும்ண்டு மகள்ட கல்யாணத்தயும் தன் மானத்தயும் குடுக்கப் போன மனுசன் அவர். நானும் செல்லல்ல. செல்லினது உங்க பெருவிரல்."

ஸமத் மெல்ல எழுந்து, அன்ஸாரின் மடியிலிருந்த பெட்டியை நடுங்குகிற கையால் வாங்கி மேசையில் வைத்தார். அந்த நேரத்திலும் இந்த மனிதர் அன்ஸாருடைய சங்கடத்தைத்தான் தீர்த்து வைக்கிறார் என்று கைறுன்னிஸாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

அன்ஸாப் இழுப்பறையிலிருந்து மோதிரத்தை எடுத்து றுஸ்னாவின் பக்கம் நீட்டினான். "றுஸ்னா, நான்..."

"வையுங்க அத," என்றாள் அவள். "அண்டைக்கு நீங்க பேசல்ல. இண்டைக்குப் பேச வேண்டியதயெல்லாம் உம்மா பேசிட்டாங்க. உங்களுக்குண்டு ஏதாவது பேச்சு ஈந்தா வெள்ளிக்கிழமை வந்து பேசுங்க. வாப்பாவ நிக்கச் சொன்ன அதே நாள்ல."

அவன் மோதிரத்தை வைத்து இழுப்பறையைத் தள்ளி மூடினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. அன்ஸாப் தனியாக நின்றான். வெயிலில் நடந்து வந்திருந்தான், முதுகில் சேட்டு ஒட்டியிருந்தது.

"வாப்பா முத்தத்துல நிக்கல்ல," என்று உள்ளே வராமலே சொன்னான். "நிர்வாகத்துல இருந்து விலகுறேண்டு தலைவர்கிட்ட கடிதம் குடுத்தார். உம்மா அஞ்சு நாளா அவரோட கதைக்கல்ல, சமைக்கவும் இல்ல. பொறகு நான் நிண்டேன். 'ஸமத் மாமாவப் பத்தி எங்க வீட்டால கெளம்பின கதையெல்லாம் அநியாயம், அத நாங்க சொன்னது பிழை'ண்டு நாலு பேர் கேக்கச் சொன்னேன்." சேட்டுப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தான். "இது மாமாவுக்கு."

ஸமத் தாளைப் பிரித்தார். கை நடுங்கியதால் கைறுன்னிஸாதான் பிடித்து வாசித்தாள். ஒரே வரி. 'என் பெயரைப் போடலாம். அன்ஸார்.' மன்னிப்பு என்ற சொல் எங்குமே இல்லை. அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"அவனுக்கு இது பெரிசு, கைறு," என்றார் ஸமத்.

றுஸ்னா அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி அன்ஸாபின் கையில் கொடுத்தாள். "எடுங்க."

அவன் மூடியைத் தேடவில்லை. குமிழை அமுக்கினான். மோதிரத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அவள் உடனே விரலை நீட்டவில்லை. "முத்தத்துல நிக்கக்குள்ள கால் நடுங்கினதா?" என்று கேட்டாள்.

"நல்லா நடுங்கிச்சு."

"சரி. இப்ப போடுங்க."

கைறுன்னிஸா அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சீஆர் கொப்பியை விரித்துப் பட்டியல் பக்கத்தைத் தேடினாள். இருநூற்றுப் பதின்மூன்றுக்கு நேரே விட்டிருந்த வெறுமையில் பேனாவை வைத்தாள். அன்ஸார், வியாபாரி, உக்குவளை. முன்மொழிந்தவர் அப்துல் ஸமத். அவள் அழுத்திய அழுத்தில் அந்தப் பெயர் அடுத்த பக்கத்திலும், அதற்கு அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.